உள்பக்கத்து மஞ்சள்

எங்கள் தெருவுக்கு ஒரு லாரி அடிபட்டு வந்து சேர்ந்தால் அன்றைக்கு யாருக்கும் வேலை ஓடாது. கிரேன் அதை இறக்கிவைப்பது என் எடைமேடைக்குப் பக்கத்திலுள்ள காலி இடத்தில்தான். இறக்கின அரைமணி நேரத்தில் பஞ்சர் கடைக்காரர், வெல்டர், ஸ்பிரிங் பட்டை அடிக்கிறவர், ஒயர்மேன் எல்லோரும் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். சுற்றி வருவார்கள், குனிவார்கள், மல்லாந்து படுத்துப் பார்ப்பார்கள். இதற்கு எங்கள் தெருவில் நாடி பார்ப்பது என்று பெயர். செத்ததுக்கு எதுக்கய்யா நாடி என்று ஒரு தடவை கேட்டுவிட்டு நான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நாடி பார்ப்பதில் எழுதாத விதி ஒன்று உண்டு. எவரும் தன் தொழிலைக் குற்றம் சொல்ல மாட்டார். பஞ்சர் கடைக்காரர் பட்டை உடைந்திருக்கிறது என்பார். பட்டைக்காரர் ஆக்சிலில் வெல்டிங் விட்டிருக்கிறது என்பார். வெல்டர் டயரைக் காட்டுவார். ஒயர்மேன் எல்லா விபத்துக்கும் டிரைவர் தூங்கிட்டான் என்று ஒரே காரணம் வைத்திருந்தார். டிரைவருக்கு எங்கள் தெருவில் கடை இல்லை, சண்டைக்கு வர ஆள் இல்லை. நான் வாயே திறப்பதில்லை. ஓவர்லோடு என்று யாராவது ஆரம்பித்தால் எடை போட்டவன் யார் என்று அடுத்த கேள்வி வரும்.

என்னை டன் என்று கூப்பிடுவார்கள். நாற்பத்தெட்டு கிலோ உடம்புக்கு இப்படி ஒரு பேர். பதினெட்டு வருஷமாக லாரிகள் மேடையில் ஏறி இறங்குவதைப் பார்க்கிறேன். மெக்கானிக் வேலை ஒன்றும் தெரியாது, கனம் மட்டும் தெரியும். முழு பாரத்தோடு ஒரு வண்டி மேடையில் ஏறினால் என் மேஜையில் இருக்கும் தண்ணீர் டம்ளர் தானாக ஒரு விரற்கடை நகரும். அத்தனை கனத்தையும் நாலு துண்டு இரும்பு பிடித்துக்கொண்டு ரோட்டில் ஓடுகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வாய் பிளந்துபோகும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் கிரேன் கொண்டுவந்த வண்டியைப் பார்த்ததும் யாரும் பக்கத்தில் போகவில்லை. அது பெயின்டரம்மா வண்டி.

பெயின்டரம்மா என் மேடையிலிருந்து மூன்றாவது ஷெட். லாரிக்குப் பெயின்ட் அடிக்கிற பெண் எங்கள் பக்கத்தில் அவர் ஒருத்திதான். பிரஷ் பிடித்தால் கோடு ஆடாது. அவருடைய மஞ்சளுக்கு ஒரு பேர் இருந்தது. மூன்று டப்பாவைக் கலந்து, கடைசியில் வேறெதையோ ஒரு சொட்டு விட்டு, ஒரு நிறம் கொண்டுவருவார். என்ன விட்டாய் என்று கேட்டால் கோபத்தைத்தான் விட்டேன் என்பார். புருஷன் டிரைவர், சொந்த வண்டி ஒன்று. மெதுவாகப் பேசவே தெரியாத மனுஷன், அதனால் அவருக்கு ஹாரன் என்று பேர். பெயின்டரம்மாவின் அண்ணன் எதிர் ஷெட்டில் சக்கரம் கழற்றி மாட்டுகிற மேஸ்திரி. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஷெட்டுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு அறையில் மூன்று பேரும் ஒன்றாகத்தான் இருந்தார்கள். மச்சானும் மாப்பிள்ளையும் சாப்பிட உட்கார்ந்தால் சிரிப்பு என் மேடைக்குக் கேட்கும். ஹாரன் கத்துவார், மேஸ்திரி ஒரு வார்த்தை சொல்வார், மறுபடியும் ஹாரன் கத்துவார்.

பத்து நாளைக்கு முன்னால்தான் அந்த வண்டிக்குப் புதுசாகப் பெயின்ட் அடித்து முடித்திருந்தார்கள். சக்கரங்களைக் கழற்றி ஷெட்டுக்குள் வரிசையாகப் படுக்கவைத்து, பெயின்டரம்மா மூன்று நாள் வேறு வேலை வாங்காமல் அதற்கே உட்கார்ந்திருந்தார். மஞ்சளில் சிவப்பு வளையம், அதற்குள் வெள்ளை. வண்டி நின்றிருக்கும்போதே ஓடுகிற மாதிரி இருந்தது. அதைப் பார்க்கவென்று அடுத்த தெருவிலிருந்து ஆட்கள் வந்தார்கள்.

அந்தச் சக்கரங்களை மேஸ்திரி மாட்டினதை நான் என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஸ்பேனரில் நாலடிக் குழாயைச் செருகி, அதன் நுனியில் ஏறி நின்று, ஒவ்வொரு நட்டுக்கும் தன் முழு உடம்பையும் கொடுத்தார். ஒன்றை இறுக்கினால் அடுத்து அதற்கு நேர் எதிரே இருப்பது, இப்படி மாற்றி மாற்றி. மறுநாளும் வண்டியை நிறுத்தச் சொல்லி இன்னொரு சுற்று இறுக்கினார். போதும் மேஸ்திரி, நட்டு அழுவுது என்று நான் கேலி பண்ணினேன். அழட்டும், வண்டில போறது என் தங்கச்சி புருஷன் என்றார்.

இப்போது அந்த வண்டி முகம் நசுங்கி நின்றது.

ஹாரன் முந்தின நாள் மத்தியானம் சிமென்ட் ஏற்றிக்கொண்டு மலை இறக்கத்தில் வந்திருக்கிறார். கடைசி வளைவுக்கு முன்னால் பின்பக்க இடது சக்கரம் இரண்டும் கழன்று, வண்டியைத் தாண்டி முன்னால் ஓடியிருக்கின்றன. தன் சக்கரம் தன்னை முந்திக்கொண்டு போவதைக் கண்ணால் பார்த்தாராம். வண்டி இடது பக்கம் சாய்ந்து, இழுத்துக்கொண்டு போய் ஒரு பாலத்துச் சுவரில் முட்டி நின்றது. நல்லவேளை, ரோட்டில் வேறு யாரும் இல்லை. ஆனால் அவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் போய்விட்டது. அன்றைக்கு ராத்திரியே ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். சக்கரங்கள் நானூறு அடி தள்ளி ஒரு வயலில், மோட்டார் அறைச் சுவரில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்றிருந்தன. வெளியே ஒரு கீறல்கூட இல்லை. அவற்றையும் கிரேன்காரன் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான்.

கொஞ்ச நேரம்தான் தயக்கம். பிறகு தெரு தன் குணத்தைக் காட்டியது. பஞ்சர் கடைக்காரர் பேரிங் பிடித்துக்கொண்டு சூடேறியிருக்கும் என்றார். வெல்டர் இறக்கத்தில் பிரேக் காய்ந்து டிரம் விரிந்திருக்கும் என்றார். பட்டைக்காரர் போல்ட்டே மட்ட இரும்பு, மேலே தங்கம் பூசின மாதிரி பூசி விற்கிறான் என்றார். ஒயர்மேன் வழக்கம்போலத் தூக்கக் கதையை ஆரம்பித்தார், ஹாரன் தூங்கினாலும் வாய் தூங்காதே என்று யாரோ சொன்னதும் நிறுத்திக்கொண்டார். பத்து போல்ட்டில் ஆறு முறிந்திருந்தன, நாலில் மரை தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. எல்லோரும் அதையே பார்த்தார்கள். அதைப் பார்த்துவிட்டு எதிர் ஷெட்டைப் பார்க்காமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டார்கள்.

பதினொரு மணிக்கு மேஸ்திரி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். சட்டையில் காய்ந்த ரத்தம். டிரம்மில் சக்கரம் உட்காருகிற இடத்தைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவினார். விரலை வெயிலில் பிடித்துப் பார்த்தார். பிறகு சக்கரத்தைப் புரட்டி உள்பக்கத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் மண்ணில் படும்படி மறுபடியும் கவிழ்த்துப் போட்டார். அது ஏன் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

“நாடி பாக்க வேணாம்” என்றார். “நட்டை நான் சரியா இறுக்கல. மறந்துட்டேன்.”

பஞ்சர் கடைக்காரர் டீ கிளாஸை வண்டியின் மேலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் கலைந்தார்கள். தன் தொழிலைக் குற்றம் சொன்ன ஆளை அந்தத் தெரு அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தது. அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

நான்தான் பார்த்தேனே. மத்தியானம் அவரைத் தனியாகப் பிடித்து, நீ குழாயில் ஏறி நின்றது என் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது, எதற்கு இப்படிப் பேசுகிறாய் என்று கேட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். நட்டைப் பிடிக்கிற பிடி, எனக்கு எலும்பு வலித்தது.

“நீ பாத்தது வேற வண்டி, டன்னு” என்றார்.

அதற்குமேல் நான் என்ன சொல்ல? தானே தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறவனை எதிர்த்து யார் சாட்சி சொல்வார்கள்? வாயை மூடிக்கொண்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே எரிச்சல் வரும்.

மேஸ்திரி அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குப் போய் ஹாரனிடமும் அதையே சொல்லியிருக்கிறார். ஹாரன் கத்தின கத்தலில் நர்ஸுகள் மூன்று பேர் ஓடிவந்தார்களாம். இனிமேல் உன் மூஞ்சியை என் வீட்டில் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். மேஸ்திரி அந்த இரண்டு அறையிலிருந்து தன் பாயை எடுத்துக்கொண்டு எதிர் ஷெட்டுக்கு வந்தார். பெயின்டரம்மா தடுக்கவும் இல்லை, வழியனுப்பவும் இல்லை. புருஷனுக்குச் சோறு கொண்டுபோவதும் வருவதுமாக இருந்தார். அண்ணன் ஷெட்டைத் தாண்டும்போது மட்டும் நடை கொஞ்சம் வேகமாகும். சக்கரம் மாட்ட வருகிற வண்டிகள் தெருமுனையிலேயே திரும்பி வேறு இடத்துக்குப் போக ஆரம்பித்தன. ஒரு நட்டை மறந்தவனிடம் எந்த டிரைவர் உயிரைக் கொடுப்பான்?

ஒரு வாரம் கழித்துக் காப்பீட்டுக்காரர்கள் ஒரு இன்ஜினியரை அனுப்பினார்கள். முப்பது வயதுகூட இருக்காத பெண். தோளில் ஒரு பை, கையில் குடை. அனல் காற்று அடித்துக்கொண்டிருந்த நேரம். வந்தவர் முதலில் தண்ணீர் கேட்டார், பிறகு உட்கார ஒரு சாக்கு கேட்டார். எங்கள் ஆட்களுக்கு ஒரே சிரிப்பு. இந்தப் பொண்ணு நாடி பாக்கப் போவுதாம் என்று பட்டைக்காரர் கண்ணடித்தார். இன்ஜினியர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. முறிந்த போல்ட்டுகளைப் பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். முறிந்த முகத்தை என்னிடம் காட்டினார். கடற்கரை மணலில் அலை வந்துபோன கோடுகள் போல, வளைவு வளைவாக, ஒன்றுக்குள் ஒன்று.

ஒவ்வொரு கோடும் ஒரு ஓட்டம் என்றார். இது ஒரே அடியில் முறிந்ததில்லை, நாலைந்து நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து நகர்ந்து முறிந்திருக்கிறது. இறுக்காமல் விட்டிருந்தால் முதல் நாளே ஆடித் துளையெல்லாம் நீண்டிருக்கும். இது நன்றாக இறுக்கப்பட்டு, பிறகு தானாகத் தளர்ந்தது.

ஹாரன் அந்த நாலைந்து நாளும் எங்கெங்கே போனார், எங்கே நின்றார் என்பதெல்லாம் அந்தத் துண்டு இரும்பில் எழுதியிருந்தது. நாங்கள் அதைத் தாண்டி நூறு தடவை நடந்திருக்கிறோம். பட்டைக்காரர் சிரிப்பை விட்டுவிட்டுக் கிட்டே வந்து உட்கார்ந்தார்.

அப்புறம் இன்ஜினியர், மேஸ்திரி கவிழ்த்துப் போட்ட சக்கரத்தைப் புரட்டச் சொன்னார். நாலு பேர் சேர்ந்து புரட்டினோம். உள்பக்கம் முழுக்க மஞ்சள். வெளியே இருக்கிற அதே மஞ்சள், அதே சுத்தம், சிவப்பு வளையம்கூடப் போட்டிருந்தது. ஆனால் டிரம்மோடு ஒட்டி உட்காருகிற இடத்தில் அது நசுங்கி, பொரிந்து, வெளியே பிதுங்கியிருந்தது. பேனாக்கத்தியால் ஒரு சில்லு பெயர்த்து ஒரு காகிதத்தில் வைத்தார். கல்யாணப் பத்திரிகை அட்டை அளவு கனம் இருந்தது. ஒரு சக்கரத்துக்கு இரண்டு முகம், இரண்டு சக்கரத்துக்கு நாலு, டிரம்மோடு சேர்த்து ஐந்து அடுக்குப் பெயின்ட்.

“இந்தப் பெயின்ட்டா?” என்று கேட்டேன். நம்பவே முடியவில்லை.

“போல்ட்டை இறுக்கும்போது அது நீளும்ங்க” என்றார் இன்ஜினியர். “இரும்புதான், ஆனா நீளும். ரெண்டு தலைமுடி கனம், அவ்வளவுதான். திரும்பச் சுருங்கப் பாக்குது இல்ல, அந்த இழுப்புதான் சக்கரத்தைப் பிடிச்சிருக்கு. வேற எதுவும் பிடிக்கல.”

“ரெண்டு முடியா?”

“ரெண்டு முடிதான். நடுவுல இருக்கிற பெயின்ட்டு சூட்டுல நசுங்கி அந்த ரெண்டு முடி குறைஞ்சாப் போதும். இழுப்பு போயிடும். திரும்ப இறுக்குனாலும் திரும்ப நசுங்கும்.”

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பொய்யில்லை. பதினெட்டு வருஷமாக டன் டன்னாக எடைபோட்டு எழுதியிருக்கிறேன். அந்த டன்னெல்லாம், அதில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டு போன மனுஷர்களெல்லாம், இரண்டு முடி கனத்தில் தொங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். இது தெரியாமல் நான் அவர்களுக்கு டாட்டா காட்டியிருக்கிறேன். உலகம் இவ்வளவு மெல்லிசாகப் பிடித்துவைக்கப்பட்டிருக்கிறதா என்று ஒரு பயமும், பிடித்துத்தான் இருக்கிறது பார் என்று ஒரு ஆச்சரியமும் சேர்ந்து வந்தன. வெல்டர் தன் கையிலிருந்த ஒரு முடியைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதைக் கொஞ்சம் குடுங்க” என்று பின்னால் ஒரு குரல். பெயின்டரம்மா. வண்டிக்குள் கிடந்த புருஷனின் மூக்குக் கண்ணாடியை எடுத்துப்போக வந்தவர், எப்போது வந்து நின்றாரோ தெரியாது. சில்லை வாங்கி அதன் ஓரத்தை உற்றுப் பார்த்தார்.

“கீழ பிரைமர். மேல மூணு கோட்டு. இது என் மஞ்சள்” என்றார்.

இன்ஜினியருக்கு அவர் யாரென்று புரியக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் குரலைத் தாழ்த்தி, மற்ற வண்டிகளுக்கும் இப்படித்தான் அடிப்பீர்களா என்று கேட்டார். இல்லை என்றார் பெயின்டரம்மா. மற்றவர்கள் வண்டிக்குச் சக்கரம் மாட்டியிருக்கும்போதே அடித்துவிடுவார், வெளிப்பக்கம் மட்டும்தான் எட்டும். இதைத்தான் கழற்றிப் படுக்கவைத்து உள்ளேயும் அடித்தார்.

“நம்ம வண்டியாச்சே” என்றார். “யாரும் பாக்காத பக்கம்னு விட மனசு வரல.”

பிறகு என் பக்கம் திரும்பி, அண்ணன் நட்டு இறுக்கினதைப் பார்த்தீர்களா என்று கேட்டார். இரண்டு தடவை இறுக்கினார், இரண்டு தடவையும் பார்த்தேன் என்றேன். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. நேராக எதிர் ஷெட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன், கூப்பிடாத இடத்துக்குப் போகிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு.

மேஸ்திரி தரையில் உட்கார்ந்து ஸ்பேனர்களுக்கு கிரீஸ் தடவி ஒவ்வொன்றாகச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தார். துருப்பிடிக்காமல் ரொம்ப நாள் வைக்கவேண்டிய சாமானை அப்படித்தான் சுற்றுவார்கள். பக்கத்தில் பாதி தின்ற ரொட்டி. தங்கை அந்தச் சில்லை அவர் முன்னால் வைத்தார்.

“இது உனக்கு அன்னைக்கே தெரியும்ல?”

அவர் அடுத்த ஸ்பேனரை எடுத்து கிரீஸ் தடவினார்.

“ஏண்ணே பொய் சொன்ன?”

“பொய் இல்ல. பெயின்ட் இருந்தா சுரண்டிட்டுத்தான் மாட்டணும். எல்லா வண்டிக்கும் உக்கார்ற இடத்துல கம்பி பிரஷ் போட்டுத்தான் மாட்டுவேன். உன் வண்டிக்குப் போடல.” ஸ்பேனரைப் பார்த்துக்கொண்டே பேசினார். “பிரஷ்ஷைக் கையில எடுத்தேன். நீ மூணு நாள் குனிஞ்சு குனிஞ்சு அடிச்சது. அதுல கொண்டுபோய் எப்படித் தேய்க்கிறது? வச்சுட்டேன். அப்ப தப்பு என்னுதுதான?”

“பெயின்ட் என்னுது.”

“உனக்கு அதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சவன் தப்புதான் தப்பு.”

“சரி, அப்படியே சொல்லியிருக்கலாம்ல. இறுக்க மறந்துட்டேன்னு எதுக்குச் சொன்ன?”

அப்போதுதான் மேஸ்திரி தலையைத் தூக்கினார். “பெயின்ட்டுன்னு சொன்னா பெயின்ட் அடிச்சது யாருன்னு வரும்ல. அந்த மனுஷனுக்கு ஒரு காலு போயிருக்கு. காரணம் மச்சான்னு இருந்தா, நாலு கெட்ட வார்த்தை சொல்லி வெளிய தொரத்திட்டு நிம்மதியா இருப்பாரு. பொண்டாட்டின்னு தெரிஞ்சா எங்க தொரத்துவாரு? தினம் அவ கையாலதான எந்திரிக்கணும், அவ போடுற சோத்தைத்தான தின்னணும். காலம் பூரா ரெண்டு பேரும் அதைப் பாத்துக்கிட்டே இருக்கணுமா?”

நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அன்றைக்குச் சக்கரத்தின் உள்பக்கத்தை ஏன் மண்ணில் கவிழ்த்தார் என்பது அப்போது புரிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ரத்தச் சட்டையோடு வந்து, விரலால் ஒரு சுற்றுத் தடவின நேரத்துக்குள் இந்த மனுஷன் இவ்வளவையும் யோசித்து முடிவு பண்ணியிருக்கிறார். போல்ட்டு நீள்கிறது என்றதைவிட இது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. என் வாழ்நாளில் அப்படி ஒரு மனுஷனை நான் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. இத்தனைக்கும் பதினெட்டு வருஷமாக எதிர்க் கடை.

பெயின்டரம்மா அழவில்லை. சில்லை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். டன்னண்ணே, ஸ்கூட்டர் இருக்கா என்றார். போகாதே என்று அண்ணன் சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

வழியில் தூறல் ஆரம்பித்தது. பெரிய துளிகளாக, சூடான ரோட்டில் விழுந்து மண் வாசனை கிளம்பியது. எங்கேயாவது ஒதுங்கலாமா என்று கேட்டேன். போங்க என்றார். எதிரே வந்த ஒவ்வொரு லாரியின் சக்கரத்தையும் நான் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். ஒன்றும் கழலவில்லை. எல்லாம் சுற்றிக்கொண்டு போயின.

ஆஸ்பத்திரியில் ஹாரன் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பெயின்டரம்மா கண்ணாடியைக் கொடுத்தார், அவர் போட்டுக்கொண்டார். சில்லை முடிச்சவிழ்த்து அவர் உள்ளங்கையில் வைத்து, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். இன்ஜினியர் சொன்னது, அண்ணன் சொன்னது, தான் அடித்தது. ஒன்றையும் குறைக்கவில்லை. தன் மேல் இரக்கம் வரும்படி ஒரு வார்த்தை சேர்க்கவும் இல்லை.

ஹாரன் கத்துவார் என்று நான் கதவுப் பக்கம் நகர்ந்து நின்றுகொண்டேன். அவர் கத்தவில்லை. அந்தச் சில்லைக் கண்ணாடிக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். நாலு நாள் பெண்டாட்டியிடம் பேசவில்லை. சாப்பாடு கொண்டுபோனால் சாப்பிட்டார், துடைத்துவிட்டால் உடம்பைக் காட்டினார். மேஸ்திரி பயந்தது அப்படியே நடக்கிறது என்றுதான் நான் நினைத்தேன்.

ஐந்தாம் நாள் நானும் கூட இருந்தேன். பெயின்டரம்மா தட்டைக் கழுவிக்கொண்டு வந்தபோது, ஹாரன் அவரைப் பார்க்காமலே ஆரம்பித்தார்.

“சத்தம் கேட்டுச்சு.”

“என்ன சத்தம்?”

“இடது பக்கம். டக்கு டக்குன்னு. அதுக்கு முந்தின நாளே கேட்டுச்சு. ரெட்டை டயருக்கு நடுவுல கல்லு மாட்டியிருக்கும்னு நெனச்சேன். எறங்கிப் பாக்கலாம்னுதான் நெனச்சேன். வீட்டுக்குப் போய் மச்சான்கிட்ட சொல்லிக்கலாம்னு ரேடியோவைச் சத்தமா வச்சுட்டேன்.” கண்ணாடியைக் கழற்றிவைத்தார். “அவன் வந்து மறந்துட்டேன்னு சொன்னான் பாரு. எனக்கு எவ்வளவு சுலபமாப் போச்சு தெரியுமா? அவ்வளவு கத்துனேன்.”

பெயின்டரம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். யாரும் யாரையும் மன்னிக்கவில்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ஹாரன் தண்ணீர் கேட்டார், நான்தான் ஊற்றிக் கொடுத்தேன்.

மச்சானை அழைத்துவரச் சொல்லி அன்றைக்கே ஆள் விட்டார்கள். மேஸ்திரி வரவில்லை. அந்தக் காலைப் பார்க்க என்னால் முடியாது என்று சொல்லியனுப்பினார். ஷெட்டைப் பூட்டிவிட்டு ஒரு தண்ணீர் லாரியில் குழாய் பிடிக்கிற வேலைக்குச் சேர்ந்தார். லாரி நிற்கும் இடத்திலேயே படுக்கை. தெரு முழுக்க விஷயம் தெரிந்து, பஞ்சர் கடைக்காரரே போய்க் கூப்பிட்டுப் பார்த்தார். ஸ்பேனரைத் தொட்டால் கை நடுங்குது, விட்டுடுங்க என்றாராம். ஹாரன் வீட்டுக்கு வந்தார். சாப்பிட உட்கார்ந்தால் சத்தம் இல்லை. அந்த வீட்டில் மூன்றாவது தட்டை எடுத்துவைப்பதா வேண்டாமா என்பது தினசரிப் பிரச்சினையாக இருந்தது என்று பெயின்டரம்மா என்னிடம் ஒரு நாள் சொன்னார்.

நாலாவது மாதம் செயற்கைக் கால் வந்தது. முழங்காலுக்குக் கீழே பொருந்துகிற ஒரு கிண்ணம், அதிலிருந்து ஒரு குழாய், அடியில் பாதம். குழாயைப் பிடித்திருப்பது நாலு சின்னத் திருகாணி. ஆஸ்பத்திரியில் மாட்டிப் பழக்கி அனுப்பினார்கள். பத்தே நாளில் ஆட்டம் கொடுத்தது. அங்கே கொண்டுபோகலாம் என்றால் ஹாரன் கேட்கவில்லை. ஒரு காலைநேரம் கோலை ஊன்றித் தெருவைக் கடந்து, பூட்டியிருந்த எதிர் ஷெட்டின் முன்னால் கிடந்த பழைய டயரில் உட்கார்ந்துகொண்டார். பெயின்டரம்மா பக்கத்தில் நின்றார். நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தண்ணீர் லாரி நிற்கும் இடத்துக்குப் போய், உன் மாப்பிள்ளை விழுந்துட்டாரு என்று புளுகி மேஸ்திரியை ஏற்றிக்கொண்டு வந்தேன்.

முழங்கால்வரை நனைந்த பேண்ட்டோடு வந்தவர், ஹாரனைப் பார்த்ததும் பத்தடி தள்ளியே நின்றுவிட்டார்.

“கால் ஆடுது மச்சான்” என்றார் ஹாரன். மெதுவாகத்தான் சொன்னார்.

“ஆஸ்பத்திரில குடுங்க மாப்ள. அவங்க பாத்துக்குவாங்க.”

“அவங்க இறுக்கித்தான் ஆடுது.”

“நான் இப்ப இதெல்லாம் தொடுறதில்ல.”

“அப்ப நான் இங்கயே உக்காந்திருக்கேன். எனக்கு வேற வேலை என்ன இருக்கு?”

அதற்குள் தெரு கூடிவிட்டது. மேஸ்திரி தங்கையைப் பார்த்தார். அவர் அந்தத் திருகாணிக்கு உண்டான வளைந்த சாவியை நீட்டினார். அது நீட்டினபடியே ரொம்ப நேரம் இருந்தது. கடைசியில் மேஸ்திரி வந்து வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். காலைக் கழற்றினார். குழாயை உருவினார். குழாய் உட்காருகிற இடத்தில் விரலைவிட்டுத் தடவி, துண்டால் துடைத்து, வெயிலில் பிடித்துப் பார்த்து, மறுபடியும் துடைத்தார். ஒரு பிசிறு கண்ணில் பட்டது, உப்புக் காகிதம் கேட்டார். ஏழு பேர் ஓடினார்கள். தேய்த்து முடித்துக் குழாயைச் செருகி, நாலு திருகாணியையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். முதலில் கை நடுங்கியது. இரண்டாவது சுற்றில் நின்றது. அந்த நாலு திருகாணிக்கு அரைமணி நேரம் ஆயிற்று.

காலை மாட்டிவிட்டு, எந்திரிங்க மாப்ள என்றார்.

ஹாரன் பெண்டாட்டியின் தோளைப் பிடித்து எழுந்தார். பிறகு அந்தக் கையையும் எடுத்துவிட்டு, தன் முழுக் கனத்தையும் அந்தக் காலில் இறக்கினார். மேஸ்திரி கீழே உட்கார்ந்தபடி, அந்தப் பாதத்தை இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்திருந்தார். பாரம் இறங்குவது அவர் முகத்தில் தெரிந்தது. பஞ்சர் கடைக்காரர், வெல்டர், பட்டைக்காரர், ஒயர்மேன் எல்லோரும் நின்றிருந்தோம். ஒருவரும் நாடி பார்க்கவில்லை.

“விடுங்க மச்சான்” என்றார் ஹாரன். “நான் நடக்கணும்ல?”

மேஸ்திரி கையை எடுத்தார்.